எடுத்த நாளும் ஏற்றிய நாளும்



படங்களின் தேதியை ஷெல் ஸ்கிரிப்ட் எழுதித் திருத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஸ்கிரிப்ட் நான்கு வரிதான். அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வெளியே டீ போடுகிறவருக்குப் பால் காய்ச்சக்கூட நேரம் இருக்காது. ஆனால் அந்த நான்கு வரியை ஓட்டுவதற்கு முன், எந்தத் தேதி சரியான தேதி என்று நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த முடிவைக் கணினி எடுக்காது. எடுக்க விடவும் கூடாது. நாம் எடுத்த முடிவை விதியாக எழுதிவைத்து, ஆயிரம் படங்களானாலும் ஒன்றுபோல நடத்திக் கொடுப்பதுதான் ஸ்கிரிப்டின் வேலை. அதனால் பாதி நேரம் தேதியைப் பற்றியும், மீதி நேரம் ஸ்கிரிப்டைப் பற்றியும் பேசுகிறேன்.

பிரச்சினை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புது லேப்டாப்புக்குப் படங்களை ஏற்றுகிறீர்கள். ஏற்றி முடித்து, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், 2009 பொங்கலும் 2013 கல்யாணமும் போன மாதப் பிறந்தநாளும் ஒரே நாளில் எடுத்ததுபோல் நிற்கின்றன. லினக்ஸில் ‘சிபி’ என்ற கட்டளையால் நகலெடுத்தால், நகல் என்பது புது ஃபைல். அதற்கு இன்றைய தேதிதான் விழும். ‘சிபி’யோடு ‘மைனஸ் பி’ என்று சேர்த்திருந்தால் பழைய தேதியும் கூடவே வந்திருக்கும். ‘ஆர்சிங்க்’ என்றால் ‘மைனஸ் ஏ’. விண்டோஸ் வேறு மாதிரி. அங்கே நகலெடுத்தால் ‘மாற்றிய தேதி’ பழையதாகவே இருக்கும். ‘உருவாக்கிய தேதி’ மட்டும் இன்றையதாகிவிடும். 2009-இல் மாற்றப்பட்ட ஃபைல் இன்றைக்குத்தான் உருவானது என்று அது கூசாமல் சொல்லும்.

இப்படி ஆவதற்குக் காரணம், ஒரு டிஜிட்டல் படத்துக்கு ஒரே ஒரு தேதி கிடையாது. சில தேதிகள் ஃபைலுக்கு வெளியே, அதை வைத்திருக்கும் டிஸ்கின் கணக்கில் இருக்கின்றன. சில தேதிகள் ஃபைலுக்கு உள்ளேயே இருக்கின்றன. கடிதத்தின் தலைப்பில் எழுதியவர் போட்ட தேதி ஒன்று, உறையின் மேல் தபால்காரர்கள் குத்திய முத்திரைத் தேதி இன்னொன்று இல்லையா? அதுபோலத்தான். நாம் பெரும்பாலும் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதிய நாள் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வெளியே இருக்கும் தேதிகளை முதலில் பார்ப்போம். யூனிக்ஸ் மரபில் மூன்று. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், எம்டைம். கடைசியாகத் திறந்து படித்த நேரம், ஏடைம். பெயர், உரிமை, அனுமதி போன்ற விவரங்கள் மாறிய நேரம், சிடைம். இந்த மூன்றாவதைப் பலர் பிறந்த நேரம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறந்த நேரத்தை இன்றைய ஃபைல் அமைப்புகள் தனியாக நான்காவதாகவும் வைத்திருக்கின்றன. இவற்றில் நாம் இஷ்டப்படி மாற்றக்கூடியவை எம்டைமும் ஏடைமும். சிடைமை யாரும் நேராக மாற்ற முடியாது; எதைத் தொட்டாலும் தொட்ட நேரம் அங்கே தானாகப் பதிந்துவிடும்.

இப்போது உள்ளே போவோம். கேமராவிலிருந்து வந்த ஒரு ஜேபெக் ஃபைலை எடுத்து, படமாகத் திறக்காமல் எழுத்தாகத் திறந்து பாருங்கள். முதல் சில வரிகளுக்குள் புரியாத குறிகளுக்கு நடுவே கேமரா நிறுவனத்தின் பெயர் தெரியும். பக்கத்திலேயே ‘2009:01:14 07:42:10’ என்று ஒரு வரி தெரியும். ஆண்டு, மாதம், நாள், ஒவ்வொன்றுக்கும் இடையில் முக்காற்புள்ளி; பிறகு ஓர் இடைவெளி; பிறகு மணி, நிமிடம், நொடி. மொத்தம் 19 எழுத்து. இதுதான் எக்ஸிஃப் தேதி. 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று வகுத்த தரம் இது. அன்றைக்கு டிஜிட்டல் கேமரா என்பதே அபூர்வமான சாமான். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி வரைக்கும் அதே 19 எழுத்துதான்.

அந்த வரி உள்ளே மூன்று இடங்களில் வரும். படம் எடுத்த நேரம் ஒன்று. டிஜிட்டல் வடிவம் பெற்ற நேரம் ஒன்று. ஃபைலைக் கடைசியாகத் திருத்திய நேரம் ஒன்று. கேமராவில் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் தாத்தா படத்தை ஸ்கேன் செய்தால் முதல் இரண்டும் பிரிய வேண்டும்: எடுத்தது 1962, டிஜிட்டல் ஆனது இந்த ஆண்டு. தரத்தை வகுத்தவர்கள் இதை அன்றைக்கே யோசித்துத் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்கிற மென்பொருள்கள் பல அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த 19 எழுத்தில் ஒரு குறை உண்டு. அந்த நேரம் எந்த ஊர் நேரம் என்று அதில் இல்லை. காலை 7:42 என்றால் சென்னை 7:42-ஆ, சிங்கப்பூர் 7:42-ஆ? கேமராவின் கடிகாரம் என்ன காட்டியதோ அதை அப்படியே எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். நேர மண்டலத்தைக் குறிக்கத் தனி இடம் 2016-இல் வந்த 2.31-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கேமராவில் எடுத்த படங்களில் ஊரை நாம்தான் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும்.

சரி, இனி ஸ்கிரிப்ட். கோளாறுகளை வகை பிரித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதல் வகை: உள்ளே இருக்கும் தேதி சரி, வெளியே இருக்கும் தேதி தவறு. நகலெடுத்ததால் வந்த கோளாறு. உள்ளே இருப்பதைப் படித்து வெளியே எழுதினால் போதும். இதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று ‘டச்’. ஃபைலின் வெளித் தேதியை மாற்றும் கட்டளை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. இன்றைக்கு எந்த லினக்ஸிலும் மேக்கிலும் தயாராக இருக்கிறது. இன்னொன்று ‘எக்ஸிஃப்டூல்’. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி பெர்ல் மொழியில் எழுதி 2003-இல் வெளியிட்ட இலவசக் கருவி. உலகத்தில் விற்ற கேமராக்களில் இதற்குப் புரியாதது அபூர்வம்.

திரையில் இருக்கும் நான்கு வரியை வாசிக்கிறேன். முதல் வரி: இந்த ஃபோல்டரில் ‘ஜேபிஜி’ என்று முடியும் ஒவ்வொரு ஃபைலையும் வரிசையாக எடு, எடுத்ததற்கு ‘எஃப்’ என்று பெயர் வைத்துக்கொள். இரண்டாவது: எக்ஸிஃப்டூலைக் கூப்பிட்டு, ‘எஃப்’புக்குள் இருக்கும் எடுத்த நேரத்தைக் கேள், ஆண்டு நான்கு இலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் இரண்டிரண்டு இலக்கம், பிறகு ஒரு புள்ளி, பிறகு நொடி என்ற வடிவில் பதில் வாங்கி ‘டி’ என்ற பெயரில் வை. 14 ஜனவரி 2009 காலை 7:42:10 என்பது 200901140742.10 என்று வரும்; ‘டச்’ எதிர்பார்க்கும் வடிவம் அதுதான். மூன்றாவது: ‘டி’ காலியாக இருந்தால், இந்த ஃபைலின் பெயரை ‘தேதி இல்லாதவை’ என்ற பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போ. நான்காவது: இருந்தால், ‘டச்’சைக் கொண்டு ‘டி’யை ‘எஃப்’பின் தேதியாக வை. முடிந்தது.

எக்ஸிஃப்டூல் தெரிந்தவர்கள் இங்கே சிரிக்கலாம். இந்த நான்கு வரியை அந்தக் கருவியே ஒரே வரியில் செய்யும். உள்ளே இருக்கும் எடுத்த நேரத்தை வெளித் தேதிக்குள் ஊற்று என்று சொல்லத் தனிக் குறியே வைத்திருக்கிறது. இருந்தாலும் நான்கு வரியாக விரித்துச் சொல்கிறேன். விரித்து எழுதினால்தான் மூன்றாவது வரிக்கு இடம் கிடைக்கும். தேதி இல்லாத படத்தை என்ன செய்வது என்ற கேள்வியை அந்த வரி நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதில் கைவழக்கம் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ‘எஃப்’பை எங்கே எழுதினாலும் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். நம் வீட்டில் ஃபைல் பெயர் ‘அக்கா கல்யாணம் 12’ என்றுதான் இருக்கும், நடுவே இடைவெளி. மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் அதை மூன்று ஃபைலாகப் பிரித்துப் பார்க்கும். ‘டச்’சுக்கு இன்னொரு குணம் உண்டு: இல்லாத பெயரைச் சொன்னால் அந்தப் பெயரில் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கிவிடும். முடிவில் படத்தின் தேதி மாறியிருக்காது. ‘அக்கா’ என்று ஒரு காலி ஃபைலும் ‘கல்யாணம்’ என்று ஒரு காலி ஃபைலும் ஃபோல்டரில் வந்து உட்கார்ந்திருக்கும். ‘மைனஸ் சி’ என்று சேர்த்தால் இந்தப் புது ஃபைல் உருவாக்கும் வேலையை அது செய்யாது. இரண்டு, லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெரும்பாலான கேமராக்கள் பெரிய எழுத்தில்தான் ‘ஜேபிஜி’ என்று எழுதும். ஸ்கிரிப்டில் சின்ன எழுத்தை மட்டும் போட்டால் கேமராவிலிருந்து நேராக வந்த படங்கள் எல்லாம் தப்பிவிடும். இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது வகைதான் ஸ்டூடியோக்காரர்களுக்கு முக்கியம். உள்ளே இருக்கும் தேதியே தவறு. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே அளவு தவறு. கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்ட ஒரு சின்ன பேட்டரி தனியாக இருக்கிறது. பெரிய பேட்டரியைக் கழற்றிப் பல நாள் பெட்டியில் போட்டுவைத்தால் அதுவும் வடிந்துபோய், கடிகாரம் கம்பெனி வைத்த ஆரம்பத் தேதிக்குத் திரும்பிவிடும். அவசரத்தில் தேதி வைக்காமல் எடுக்க ஆரம்பித்தால், நேற்றைய காதுகுத்து ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதி நள்ளிரவில் நடந்ததாகப் பதிவாகும்.

கல்யாணத்தில் இது வேறு ரூபத்தில் வருகிறது. மேடையில் ஒருவர், கேண்டிட் எடுக்க இன்னொருவர், இரண்டு கேமரா. ஒன்றின் கடிகாரம் ஏழு நிமிடம் இருபது நொடி பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி நேர வரிசையில் அடுக்கினால், முதல் கேமராவில் அம்மி மிதித்த பிறகு இரண்டாம் கேமராவில் தாலி கட்டுவார்கள். ஆல்பம் வடிவமைக்கிற பையன் ஒவ்வொரு படமாகக் கையால் இழுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருப்பான்.

இதற்குத் தேவையானது ஒரே ஒரு ஜோடிப் படம். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் இரண்டு கேமராவும் ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்கும். இரண்டு கார்டிலிருந்தும் தாலி கட்டும் படங்களை எடுத்து அருகருகே வையுங்கள். அட்சதை எங்கே பறக்கிறது, மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனாரின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஒரே கணத்தில் எடுத்த இரண்டு படம் கிடைத்துவிடும். அந்த இரண்டு நேரத்தையும் கழியுங்கள். கிடைப்பதுதான் வித்தியாசம். எது சரியான கடிகாரம் என்று தெரிய வேண்டுமானால், அன்றைக்கு யாராவது கைபேசியில் எடுத்த படம் ஒன்று போதும். கைபேசி நேரம் நெட்வொர்க்கிலிருந்து வருவது. இடக் குறிப்போடு எடுத்த படமாக இருந்தால் உள்ளே ஜிபிஎஸ் நேரமும் தனியாக இருக்கும், உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் சுலபமான வழி, வேலை தொடங்கும்போதே எல்லாக் கேமராவாலும் ஒரு கைபேசிக் கடிகாரத்தை நொடியோடு ஒரு படம் எடுத்துவைப்பது.

வித்தியாசம் தெரிந்த பிறகு, ‘எல்லாத் தேதியையும் 0:7:20 கூட்டு’ என்று எக்ஸிஃப்டூலிடம் ஒரு வரியில் சொன்னால், உள்ளே இருக்கும் மூன்று நேரத்தையும் சேர்த்து நகர்த்தும். ‘ஜேஹெட்’ என்று இன்னொரு சின்னக் கருவியும் உண்டு. மரவேலைக் காணொளிகளால் பல பேருக்குத் தெரிந்த மத்தியாஸ் வாண்டெல் எழுதியது. ஜேபெக் மட்டும் போதும் என்றால் அதுவும் இதைச் செய்யும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதல் வகை ஸ்கிரிப்டைப் பத்து முறை ஓட்டினாலும் பதில் ஒன்றுதான். உள்ளே இருப்பதைப் பார்த்து வெளியே எழுதுகிறது. மறுபடி எழுதினாலும் அதையேதான் எழுதும். இரண்டாம் வகை அப்படி இல்லை. இரண்டு முறை ஓட்டினால் பதினான்கு நிமிடம் நாற்பது நொடி நகர்ந்துவிடும். பாதியில் மின்சாரம் போய், எந்தப் படம் வரை நகர்ந்தது என்று தெரியாமல் மறுபடி ஓட்டினால் ஒரே ஃபோல்டரில் இரண்டு விதத் தவறு சேரும். அதனால் கூட்டல் கழித்தல் வேலையை மூலப் படத்தின் மேல் செய்யாதீர்கள். எக்ஸிஃப்டூலில் ‘மைனஸ் ஓ’ என்று சொல்லி வேறு ஃபோல்டர் ஒன்றைக் காட்டினால், மூலத்தைத் தொடாமல் திருத்திய நகலை அங்கே வைக்கும். அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஃபைல் இருந்தால் அதன் மேல் எழுத மறுத்துவிடும். ஆகவே இரண்டாம் முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. விட்டுப்போனவை மட்டும் சேரும்.

அடுத்தது ஊர் நேரம். இதில் ஷெல் ஸ்கிரிப்ட் ஓசைப்படாமல் தப்புச் செய்யும். ‘டச்’சிடம் காலை 7:42 என்றால், ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் ஊர் நேரம் 7:42 என்று எடுத்துக்கொள்ளும். வாடகைக்கு எடுத்த சர்வர்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரம்தான் வைத்திருக்கும். அங்கே ஓட்டிவிட்டு வீட்டில் வந்து பார்த்தால் காலை முகூர்த்தம் மதியம் 1:12 ஆகியிருக்கும். கட்டளைக்கு முன்னால் ‘டிஸெட்’ என்ற மாறியில் ‘ஏஷியா கொல்கத்தா’ என்று எழுதிவிட்டால் சரியாகும். வீடியோவில் இது நேர் தலைகீழ். எம்பி4 ஃபைலுக்குள் நேரம் எழுத்தாக இல்லை. 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணிய நொடிகளாக, உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை மதிக்கும் கைபேசியில் ஒரே நிமிடத்தில் எடுத்த படமும் வீடியோவும் ஐந்தரை மணி தள்ளி நிற்பது இதனால்தான். மதிக்காமல் ஊர் நேரத்தையே எழுதிவைக்கும் கேமராக்களும் உண்டு. எனவே வீடியோவுக்குத் தனி ஸ்கிரிப்ட். அதையும் கேமராவுக்குக் கேமரா சோதித்த பிறகு.

நேர மண்டலம் என்பது வரைபடத்தில் ஒரு கோடு, அது நகராது என்று நாம் நினைக்கிறோம். நமக்குப் பக்கத்திலேயே அது நகர்ந்திருக்கிறது. மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் கொண்டுவந்து, உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணி முன்னால் நின்றது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996-இல் செய்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. இப்போது 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பு நகரத்திலும் ஒரே நொடியில் எடுத்த இரண்டு ஆழிப்பேரலைப் படங்கள், சரியாக நேரம் வைத்த கேமராவிலேயே, அரை மணி வித்தியாசம் காட்டும். இன்றைக்கு இரண்டு ஊரும் ஒரே நேரம் என்பதால் அந்த அரை மணியைக் கேமராவின் தவறு என்று நினைத்துத் திருத்துகிற ஆவணக்காரர் இல்லாத தவறை உண்டாக்குகிறார். ‘ஏஷியா கொழும்பு’ என்று சொன்னால் கணினி இந்த வரலாற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் பதிவாகி, எல்லா லினக்ஸோடும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அந்தப் படம் எந்த ஊரில், யார் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில் எடுத்தது என்பதை எடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை: உள்ளே தேதியே இல்லாதது. வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எக்ஸிஃப் விவரங்கள் உதிர்ந்துபோயிருக்கும். ஆண்ட்ராய்டில் பெயரில் மட்டும் 20190514 என்பது போல எட்டு இலக்கம் இருக்கும். ஷெல்லில் அந்த எட்டு இலக்கத்தை வெட்டி எடுத்து ‘டச்’சிடம் கொடுப்பது சுலபம். சுலபம் என்பதற்காகச் செய்யலாமா? அது அந்தக் கைபேசிக்குப் படம் வந்து சேர்ந்த நாள். 1995-இல் எடுத்த பள்ளிக்கூடக் குரூப் போட்டோவைப் பழைய மாணவர் குழுவில் யாரோ 2019-இல் போட்டால், பெயரில் 2019 தான் இருக்கும். என் வழக்கம் இது: பெயரில் உள்ள தேதியை வெளித் தேதியாக மட்டும் வைப்பேன். உள்ளே ‘எடுத்த நேரம்’ என்ற இடத்தில் அதை எழுத மாட்டேன். அந்த இடம் காலியாக இருந்தால், தெரியவில்லை என்று பொருள். அதில் ஊகத்தை எழுதிவிட்டால் பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு ஊகம் எது, கேமரா சொன்னது எது என்று பிரித்தறிய வழி இருக்காது.

ஸ்கேன் செய்த பழைய படங்கள் இன்னும் சுவையானவை. பின்பக்கத்தில் பேனாவால் ‘பிரபவ ஆவணி’ என்று எழுதியிருக்கும். பிரபவ என்றால் 1987 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி ஆகையால் 1927 ஆகவும் இருக்கலாம். படத்தில் இருப்பது கலர் பிரிண்டா, பழுப்பேறிய அட்டையா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எக்ஸிஃபோ நொடி வரைக்கும் கேட்கிறது. 1987 செப்டம்பர் முதல் தேதி மதியம் 12 மணி என்று ஏதோ ஒன்றை வரிசைக்காக வைக்கலாம், ஆனால் ‘ஆவணி என்று பின்பக்கக் குறிப்பு, நாள் தெரியாது’ என்று விளக்கப் பகுதியில் எழுதாமல் வைக்கக் கூடாது. எக்ஸ்எம்பி என்ற இன்னொரு தகவல் முறை ஆண்டு மட்டும், அல்லது ஆண்டும் மாதமும் மட்டும் எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது. ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதி, 2019-இல் வந்தது, ‘ஏறத்தாழ’ என்பதற்கும் ‘ஐயம்’ என்பதற்கும் தனிக் குறியே கொடுத்திருக்கிறது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அதைத்தான் நாடுகின்றன.

இங்கே டிஸ்கின் குறுக்கீடும் ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் காலக்கணக்கு 1970 ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. 1962 கல்யாணப் படத்துக்கு வெளித் தேதி வைத்தால் அது கழித்தல் எண். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்பு 1901 வரை பின்னால் போகும்; பிரச்சினை இல்லை. அதே படத்தைப் பென் டிரைவில் போட்டு மாமாவுக்குக் கொடுத்தால், அதில் உள்ள ஃபாட் வகை அமைப்புக்கு 1980-க்கு முன்னால் காலமே கிடையாது. 1962 அங்கே தங்காது. ஃபாட் நொடியையும் இரண்டிரண்டாகத்தான் எண்ணும். வெளித் தேதியை நம்பாதீர்கள், முக்கியமானதை உள்ளே எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பாதுகாப்புக்கு மூன்று பழக்கம். முதல் முறை ஓட்டும்போது ‘டச்’ என்ற இடத்துக்கு முன்னால் ‘எக்கோ’ என்று எழுதுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் திரையில் எழுதிக் காட்டும். பத்து வரி படித்துப் பார்த்துவிட்டு ‘எக்கோ’வை நீக்கலாம். இரண்டாவது, மாற்றுவதற்கு முன் பழைய தேதிகளை எல்லாம் ஒரு பட்டியலாக எடுத்துவையுங்கள். எக்ஸிஃப்டூல் கமா பிரித்த அட்டவணையாகவே கொடுக்கும். அந்தக் கருவி உள்ளே திருத்தும்போது ‘ஒரிஜினல்’ என்ற வால் சேர்த்து மூலத்தையும் வைத்துவிடும். இடம் அடைக்கிறது என்று அதை உடனே அழித்துவிடாதீர்கள். மூன்றாவது, வழக்கு, காப்பீடு, விபத்து சம்பந்தப்பட்ட படத்தின் மேல் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழில் அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். வெளித் தேதியை மாற்றினால் ஹாஷ் மாறாது. அது உள்ளடக்கத்திலிருந்து மட்டும் வருவது. உள்ளே ஒரு நொடியைத் திருத்தினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம்தான் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

முடிக்கும் முன் வழக்கமாக வரும் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். "இதற்கெல்லாம் ஆப் இல்லையா?" இருக்கிறது, நிறைய இருக்கிறது. பத்துப் படம் என்றால் தாராளமாக ஆப்பில் செய்யுங்கள். ஆனால் பட்டனை அழுத்தியதும் எந்தத் தேதியை எடுத்து எங்கே எழுதியது, தேதி இல்லாத படத்தை என்ன செய்தது, எந்த ஊர் நேரம் என்று வைத்துக்கொண்டது என்பதை ஆப் உங்களுக்குச் சொல்லாது. ஸ்கிரிப்டில் அது வரி வரியாக இருக்கிறது. அதைப் படங்களோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு சாதாரண எழுத்து ஃபைலில், எந்தக் கேமரா எவ்வளவு பின்தங்கியிருந்தது, அதை எந்த ஜோடிப் படத்தை வைத்துக் கண்டுபிடித்தோம், எந்த நாளில் திருத்தினோம் என்று தமிழில் நான்கு வரி எழுதிவையுங்கள். நாம் எடுத்த முடிவு தவறாகவே இருந்தாலும், நாளைக்கு வேறொருவர் அதைப் படித்து, ஏழு நிமிடம் இருபது நொடியைக் கழித்து, பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியும். திரும்பப் போக வழி வைத்துச் செய்வதைத்தான் நான் திருத்தம் என்று சொல்வேன்.

ஸ்கிரிப்டை நூலகக் கணினியில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நகல் ஃபோல்டரில் ஓட்டிப் பாருங்கள்.